சந்துஷ்டி குடும்பத்தின் மூத்த மகன்

சிவகுமார் ஒன்பது வருஷத்தில் ஆறு கார் வாங்கி ஐந்து கார் விற்றவர். மைசூரில் பிளஸ் டூவுக்குச் சமமான ஒரு தனியார் பி.யூ. கல்லூரியில் கணக்கு வாத்தியார். கூட்டு வட்டிப் பாடம் நடத்தினால் பின் பெஞ்சு வரைக்கும் புரியும் என்று பெயர் வாங்கியவர். கார் விஷயத்தில் மட்டும் அவருக்குக் கழித்தல் கூட வரவில்லை.

ஆறையும் ஒரே இடத்தில்தான் வாங்கினார். ஹுன்சூர் ரோட்டில் முழுக்கக் கண்ணாடியாகவே நிற்கும் சந்துஷ்டி மோட்டார்ஸ். சந்துஷ்டி என்றால் திருப்தி. அங்கே கார் கிடைக்கும், காபி கிடைக்கும், காலண்டர் கிடைக்கும். பெயரில் இருக்கிறது மட்டும் கிடைக்காது. கிடைத்துவிட்டால் ஆள் திரும்ப வரமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கார் வாங்கிச் சரியாக ஒன்றரை வருஷம் ஆனதும் வினய் என்ற இளைஞர் போன் செய்வார். அவருடைய பதவியின் பெயர் உறவு அதிகாரி.

"சார், கார் எப்படி ஓடுது?"

"நல்லாத்தானுங்க ஓடுது."

"அதுதான் சார் பிராப்ளம். நல்லா ஓடறப்பவே குடுத்துடணும். இன்னும் ஆறு மாசம் விட்டா, நோடி சார், பாருங்க, கேக்கறதுக்கு ஆளே இருக்காது."

சிவகுமாருக்கு அன்று முழுக்கக் கரும்பலகையில் கை ஓடாது. சாயங்காலம் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்புவார். முதல் கார் உயரம் குறைவு என்று போனது. இரண்டாவதில் பின்பக்கக் கேமரா இல்லை. மூன்றாவது என்ன குற்றம் செய்தது என்று அவருக்கே இன்றைக்கு ஞாபகமில்லை. நான்காவதில் கூரை திறக்காது. கூரை திறக்கும் ஐந்தாவது காரை வாங்கி, ஏப்ரல் மாதத்தில் ஒரு முறை திறந்து, உடனே மூடி, அடுத்து ஏழு பேர் உட்காரும் ஆறாவதற்கு மாறினார். வீட்டில் இருந்தது மூன்று பேர்.

சொந்த ஊரான கௌதள்ளியில் சோளக்காட்டுக்கு நடுவே இருந்த அவருடைய அப்பா ஜடையன், வாசலில் கார் வந்து நின்றால் பின்பக்கமாகத் தோட்டத்துக்குள் போய்விடுவார். பாங்கிக்காரர்கள் என்று நினைப்பு. மகன் ஒரே காரில் மூன்று தீபாவளிக்கு வந்ததில்லை. அவர் என்ன செய்வார்?

சந்துஷ்டியில் கார் கொடுப்பதைக் கல்யாணத்துக்குச் சமமாக நடத்துவார்கள். புதுக் காரைச் சிவப்புப் பட்டுத் துணியால் மூடி வைத்திருப்பார்கள். வாங்குபவரின் தலையில் மைசூர் பேட்டா என்ற தலைப்பாகையை வைத்து, சால்வை போர்த்தி, அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைக் கையில் கொடுப்பார்கள். கேக் உண்டு. பதினைந்து ஊழியர்கள் சுற்றி நின்று, வாங்கும் சம்பளத்துக்கு எவ்வளவு கைதட்ட முடியுமோ அவ்வளவு கைதட்டுவார்கள். போகிற காருக்கும் மரியாதை உண்டு. ரோஜா மாலை போட்டு, 'போய் வா நண்பா' என்று கன்னடத்தில் ஒரு பலகை வைப்பார்கள். அந்த மாலை போட்ட பானெட்டின் மேல் காகிதங்களைப் பரப்பி, வினய் விரலால் காட்டக் காட்ட சிவகுமார் கையெழுத்துப் போடுவார். வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். தேதி இருக்காது.

"அதெல்லாம் நாங்க ஃபில் பண்ணிக்கறோம் சார். நீங்க கேமரா பாருங்க."

சிவகுமார் கேமராவைப் பார்ப்பார். ஐந்து முறை பார்த்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு வீட்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். பெரியவரான ஏட்டு ஒரு காகிதத்தில் இருந்த நம்பரைக் காட்டி, இந்தக் கார் உங்களுடையதா என்று கேட்டார். சிவகுமார் தன்னுடைய ஆறாவது காரைக் காட்டினார்.

"இது இல்ல. சின்ன கார். வெள்ளை."

"வெள்ளையில மூணு வச்சிருந்தேனுங்க. எதுன்னு தெரியலீங்க."

நம்பரை வைத்துத் தேடிப் பார்த்ததில் அது இரண்டாவது கார். மூன்று வாரத்துக்கு முன்னால் நஞ்சன்கூடு ரோட்டில் ரோட்டைக் கடந்த ஒரு பெண்மேல் அந்தக் கார் ஏறியிருந்தது. ஓட்டியவன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி வண்டியை விட்டுவிட்டு ஓடிவிட்டான். காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. பதிவுப் புத்தகத்தில் இன்னும் சிவகுமாரின் பெயர் இருந்தது.

"அதைக் குடுத்து ஆறு வருஷம் ஆச்சுங்களே!"

"யாருக்குக் குடுத்தீங்க?"

"சந்துஷ்டிக்கு."

"சந்துஷ்டி யாருக்குக் குடுத்தாங்க? ஏதாவது காகிதம் இருக்கா?"

சிவகுமார் உள்ளே போய் அலமாரி முழுவதும் கலைத்தார். காகிதம் எதுவும் இல்லை. போட்டோ இருந்தது. பேட்டாவும் சால்வையும் அட்டைச் சாவியுமாகத் தான் நிற்கும் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏட்டு அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நீங்க சந்தோஷமா இருக்கீங்க. வேற ஒண்ணும் தெரியல" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு மனைவி மோகனப்ரியா அலமாரியிலிருந்து மற்ற படங்களையும் எடுத்து வரிசையாகக் கட்டில்மேல் வைத்தாள். ஆறு படம். ஆறிலும் ஒரே பேட்டா. பின்னால் இருந்த கார்தான் வேறு.

"ஏனுங்க, ஒம்பது வருஷத்துல நமக்கு மிச்சம் இதுதானுங்களா?"

அன்றைக்கே சிவகுமார் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அடிபட்டவர் பெயர் பசம்மா. அரசுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைப்பவர். கொள்ளேகாலில் பிறந்து வளர்ந்ததால் தமிழும் பேசுவார். வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து, கம்பி வைத்துத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நின்றுகொண்டே செய்கிற வேலை. இனிமேல் நிற்க முடியுமா என்று டாக்டர் சொல்லவில்லை.

சிவகுமார் கையைக் கட்டிக்கொண்டு, அந்தக் காரைத் தான் எப்போதோ விற்றுவிட்டதைச் சொன்னார். இரண்டு முறை சொன்னார்.

"வித்துட்டேன் வித்துட்டேங்கற. என் கால்மேல ஏறினப்ப உன் பேருலதானே இருந்துது?"

பசம்மா விடவில்லை.

"அது எப்படிப்பட்ட காரு? நான் சரியா பாக்கல. பின்னாலேருந்து வந்துட்டுது."

சிவகுமார் யோசித்தார். இருபது மாதம் ஓட்டிய கார். அதன் ஸ்டீயரிங் எப்படி இருந்தது, எந்தக் கதவு இறுக்கமாக இருந்தது, அதில் எங்கே போனோம், ஒன்றும் வரவில்லை. அந்த இருபது மாதமும் அடுத்த காரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் இருவரும் சந்துஷ்டிக்குப் போனார்கள். வாசலில் ஒரு தொடுதிரை. வருகிறவர்கள் தாங்கள் எதற்காக வந்திருக்கிறோம் என்று அதில் தொட வேண்டும். 'புதிய மகிழ்ச்சி', 'மாற்று மகிழ்ச்சி', 'கூடுதல் மகிழ்ச்சி' என்று மூன்று கட்டங்கள் இருந்தன. வீட்டுக்குப் போலீஸ் வந்தவர்களுக்குக் கட்டம் இல்லை. சிவகுமார் கூடுதல் மகிழ்ச்சியைத் தொட்டார். சீட் கவர் விற்கும் பிரிவிலிருந்து ஒருவர் ஓடிவந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து வினய் வந்தார். அவர் இப்போது மூத்த உறவு அதிகாரி. விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறவில்லை. முகம் மாறாமல் இருக்கப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"பழைய கார் விவரமெல்லாம் 'நிறைவடைந்த உறவுகள்' டிவிஷன்ல இருக்கும் சார். வைஷாலி மேடம்தான் பாக்கறாங்க."

வைஷாலி இரண்டாவது மாடியில் இருந்தாள். ஏறிப் போனதும் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, ஃபைல் இருக்கிறது, ஆனால் திறக்காது என்றாள்.

"ஏனுங்க திறக்காது?"

"புது எக்ஸ்சேஞ்ச் என்ட்ரி போட்டாத்தான் பழைய ஃபைல் ஓப்பன் ஆகும் சார். சிஸ்டம் அப்படி."

"அப்போ நான் வித்த காரோட விவரம் தெரியணும்னா நான் இன்னொரு கார் வாங்கணுமா?"

"வாங்கணும்னு கம்பல்ஷன் இல்ல சார். புக் பண்ணினாப் போதும்" என்றார் பின்னால் வந்து நின்ற வினய். "ஏழாவது சார். லக்கி நம்பர். சும்மா ஒரு தடவை உக்காந்து பாருங்களேன்."

இனி நடந்ததைச் சொல்லாமல் விட்டால் சிவகுமாருக்கு நல்லது. ஆனால் நடந்தது. அவர் கீழே இறங்கிப் போய்ப் புதுக் காரில் உட்கார்ந்தார். புது ரப்பரும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. ஆஸ்பத்திரி, ஏட்டு, கம்பி வைத்த கால் எல்லாம் ஒரு நிமிஷம் எங்கோ போய்விட்டது. "மைலேஜ் எவ்வளவுங்க குடுக்கும்?" என்று கேட்டார்.

மோகனப்ரியா வெளியிலிருந்து கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் இறங்கினார்.

அந்த வாரமே ஆறாவது காரைக் கல்லூரியில் இயற்பியல் நடத்துபவருக்கு விற்றார். தானே போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், நான்கு நாள் வரிசையில் நின்று, பெயர் மாறிய புத்தகத்தைத் தன் கையால் வாங்கிக் கொடுத்தார். அங்கேயே மற்றக் கார்களையும் பார்த்துச் சொல்லச் சொன்னார். முதல் கார், மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாமே அவர் பெயரில்தான் இருந்தன. பெயரை எடுக்க வேண்டுமானால் கார்களைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று அந்த அலுவலகம் எழுத்தில் பதில் கொடுத்தது.

இதற்கிடையில் பசம்மாவின் வழக்கு, விபத்து இழப்பீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. எதிராளி என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். சிவகுமார்.

சந்துஷ்டியின் தலைமையகத்திலிருந்து ஒரு குரல் போனில் வந்தது. சமீபத்தில் வந்து போன அனுபவத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டது. சிவகுமார் இரண்டு என்றார். அரைமணி நேரத்தில் வினய் ஒரு கிலோ மைசூர்பாகுடன் வீட்டுக்கு வந்தார்.

"சார், பத்துக்குக் கம்மியா வந்தா என் இன்சென்டிவ் போயிடும். பத்து சொல்லுங்க, உங்க ஃபைலை நானே தேடித் தர்றேன். ப்ராமிஸ் சார்."

சிவகுமார் திரும்பக் கூப்பிட்டுப் பத்து என்றார். ஃபைல் வரவில்லை. அழைப்பிதழ் வந்தது. சந்துஷ்டியின் வெள்ளி விழாவில், ஆறு கார்களும் ஒரு பத்து மதிப்பெண்ணும் கொண்ட அவரை, கம்பெனியின் மூத்த மகனாகக் கௌரவிக்கப் போகிறார்களாம்.

"போங்க. அங்கயாவது யாராவது பெரிய ஆளுங்க கிட்ட நேர்ல கேளுங்க" என்றாள் மோகனப்ரியா. அவளும் கூட வந்தாள்.

மண்டபத்தில் ஐந்நூறு பேர். எல்லோரும் அடிக்கடி கார் மாற்றுகிறவர்கள். நாதஸ்வரம் முடிந்ததும் பொது மேலாளர் கணபதிராமன் மைக்கைப் பிடித்தார். ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்தவரின் மகன். மைசூரிலேயே பிறந்தவர். மேடையில் மூன்று மொழியையும் கலந்து பேசக்கூடியவர்.

"நம்ம அப்பா காலத்துல ஒரு கார் வாங்கினா இருபது வருஷம். பாவம், அவங்களுக்கு வேற வழி தெரியல. இன்னிக்கு ஒரு மனுஷன் ஒரே காரை அஞ்சு வருஷம் வச்சிருந்தா அது யாரோட தோல்வி? எங்களோட தோல்வி! எங்க ஸ்டாஃபுக்கு நான் தினமும் சொல்றது ஒண்ணுதான். கஸ்டமர் நிம்மதியா இருந்தா அவரை நாம சரியா கவனிக்கலைன்னு அர்த்தம். உங்க நிம்மதியைக் கெடுக்க எங்க நூத்தி நாப்பது ஊழியர்கள் ராத்திரி பகலா உழைக்கறாங்க!"

ஐந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பிறகு சிவகுமாரை மேடைக்கு அழைத்தார்கள். பேட்டா வைத்தார்கள். ஏழாவது முறை. வைஷாலி சந்தன நிறக் காகிதத்தில் அச்சிட்ட பாராட்டுப் பத்திரத்தைக் கன்னடத்தில் வாசிக்க ஆரம்பித்தாள். கௌதள்ளி மண்ணில் பிறந்து கணக்கில் தேர்ந்தவரே என்று தொடங்கி, அவர் வாங்கிய ஒவ்வொரு காரையும் புகழ்ந்தது அது. பாராட்டு நீளமாக இருக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லியிருந்தது. புகழ்ச்சி எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீட்டிய பிறகு எழுத எதுவும் கிடைக்காமல், வைஷாலி கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்துவிட்டிருந்தாள். தம்முடைய இரண்டாவது வாகனத்தை, இன்ன நம்பர் கொண்டதை, இன்ன வருஷம் இன்ன மாதம் பதினான்காம் தேதி எங்களிடம் மனமுவந்து ஒப்படைத்தவரே, வாழ்க. மூன்றாவது வாகனத்தை, இன்ன தேதியில் ஒப்படைத்தவரே, வாழ்க.

சிவகுமாருக்கு முதலில் புரியவில்லை. நான்காவது வாழ்கவில் புரிந்தது. இரண்டு மாதமாகத் திறக்காத ஃபைல் மைக்கில் திறந்துகொண்டிருந்தது. காகிதத்தின் கீழே கணபதிராமனின் கையெழுத்து. பக்கத்தில் கம்பெனியின் வட்ட முத்திரை.

பத்திரம் கைக்கு வந்ததும் அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி நேராக வாசலைப் பார்த்து நடந்தார். மோகனப்ரியா செருப்பைத் தேடாமல் பின்னால் ஓடினாள். "சார், போட்டோ! போட்டோ எடுக்கல சார்!" என்று வினய் ஆட்டோ வரைக்கும் துரத்தினார். அந்த ஒரு முறை சிவகுமார் கேமராவைப் பார்க்கவில்லை.

வக்கீல் நஞ்சுண்டசாமி பத்திரத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இது உங்களைக் காப்பாத்தாது வாத்தியாரே. சட்டப்படி புத்தகத்துல யார் பேரோ அவர்தான் ஓனர். ஆனா இதை வச்சு அவங்களையும் உங்க பக்கத்துல நிக்க வைக்கலாம்."

"நிக்க வையுங்க" என்றார் சிவகுமார்.

சந்துஷ்டி தன் பதிலை எழுத்தில் கொடுத்தது. பாராட்டுப் பத்திரம் என்பது அன்பின் வெளிப்பாடு மட்டுமே, அதில் கூறப்படுபவை உண்மை என்று கம்பெனி எந்த இடத்திலும் உறுதி கூறவில்லை, பாராட்டில் உண்மையை எதிர்பார்ப்பது நடைமுறையில் இல்லை என்று அது சொன்னது. நீதிபதி அதை இரண்டு தரம் படித்துவிட்டுக் கணபதிராமனையே கூண்டுக்கு வரச் சொன்னார். நீதிபதி ஒரு பெண். குரலை உயர்த்தாதவர்.

"இந்தக் காரை நீங்க வாங்கினீங்களா இல்லையா?"

"வாங்கினோம்னு சொல்ல முடியாது மேடம். வரவேற்றோம்."

"அப்புறம்?"

"கார் எங்ககிட்ட பன்னிரண்டு நாள் தங்கியிருந்தது. அதுக்கப்புறம் வேறொருத்தர்கிட்ட போச்சு."

"போச்சா, வித்தீங்களா?"

"வித்தோம்."

"பேர் ஏன் மாத்தல?"

கணபதிராமனுக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்டுவிட்டார்கள். அவர் கூண்டில் நிற்பதை மறந்து மேடையில் நிற்பவர் போல ஆகிவிட்டார்.

"மேடம், நாங்க பேர் மாத்தினா புத்தகத்துல ஒரு ஓனர் கூடுவார். ஓனர் கூடினா விலை விழும். அதனால கஸ்டமர் போட்ட கையெழுத்துக் காகிதத்தை அப்படியே அடுத்தவர்கிட்ட குடுத்துடுவோம். அவர் அதுக்கடுத்தவர்கிட்ட குடுப்பார். நாலு கை மாறினாலும் புத்தகத்துல முதல் ஓனர்தான். கார் எப்பவும் புதுசு மாதிரி இருக்கும். இது ஒரு சேவை மேடம்."

"கையெழுத்துப் போட்டவருக்கு இது தெரியுமா?"

"கேட்டா சொல்லுவோம். இருபத்தஞ்சு வருஷத்துல ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. அந்த நேரத்துல அவங்க புதுக் காரைப் பாத்துட்டு இருப்பாங்க. அதுக்குத்தானே மேடம் அந்த ஃபங்ஷனே வைக்கறோம்!"

கம்பெனியின் வக்கீல் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார். நீதிபதி எழுதி முடித்துவிட்டுச் சிவகுமாரைப் பார்த்தார்.

"நீங்க கேட்டீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"ஏன்?"

"அவர் சொல்றது நெஜமுங்க. புதுக் காரைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

ஐந்து மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பசம்மாவுக்குக் கம்பெனியும் சிவகுமாரும் பாதிப் பாதி இழப்பீடு தர வேண்டும். மற்ற நான்கு கார்களைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை. அவை இன்னும் யாரையும் இடிக்கவில்லை. சந்துஷ்டி உடனே மேல்முறையீடு என்று அறிவித்தது. அடுத்த நாளே வைஷாலியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாராட்டில் அளவு மீறியது காரணம்.

சிவகுமார் மேல்முறையீடு செய்யவில்லை. தன் பாதியை அங்கேயே கோர்ட்டில் கட்டினார். அப்பாவின் சோளக்காட்டை விற்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் மகள் வினிதாவின் இன்ஜினியரிங் படிப்புக்கு என்று வைத்திருந்தது போய்விட்டது. அவள் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது கன்னடத்தில் பேசினாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது.

தன் பாதியைக் கட்டிய அன்று சிவகுமாரும் மோகனப்ரியாவும் கோர்ட் வாசலுக்கு வந்தபோது பசம்மா ரோட்டோரத்தில் கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். பஸ் படி ஏற அவரால் முடியாது. கைகாட்டிய ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. சிவகுமார் போய்த் தானும் கைகாட்டினார். அவருக்கும் நிற்கவில்லை. பசம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, ஆறு காரு வச்சிருந்தீங்களாமே. உள்ள வக்கீல் பட்டியல் படிச்சாரு. என்னைய வூட்ல கொண்டுபோய் வுட ஒண்ணுகூட இல்லியா?"

"ஒண்ணு போலீஸ் ஸ்டேஷன்ல நிக்குதுங்க. ஒண்ணு வித்து, பேரும் மாத்திட்டேன். மிச்சம் நாலு இன்னும் என் பேருலதானுங்க இருக்குது."

"எங்க இருக்குது?"

சிவகுமார் ரோட்டைப் பார்த்தார். வெள்ளைக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"தெரியலீங்கம்மா. எங்கியோ ஓடிட்டு இருக்குதுங்க."

பசம்மா கைத்தடியை எடுத்துப் பின்னால் ஊன்றி, ரோட்டை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றார்.